சங்கு ஏன் சொல்பேச்சு கேக்கல

அதத்தான் தம்பி நானும் சொல்லுதேன். மெஷினுன்னா சொன்னதச் செய்யணும். மனுசன் செய்யமாட்டான், அது தெரிஞ்ச கத. எங்க வீட்டுக்காரரு இருபத்தொம்பது வருசமா ஒண்ணையும் செய்யல, நான் என்ன கோர்ட்டுக்கா போனேன்? ஆனா மெஷினு! கரண்டு குடிக்கி, ஏசிக் காத்து வாங்குது, அப்ப சொன்னதக் கேக்கணுமா வேண்டாமா? ஆறு லாரின்னு சொன்னா ஆறு லாரியத்தான கூப்புடணும்? நூத்திப் பதினேழு லாரியக் கூப்புட்டு வச்சிருக்கு! நூத்திப் பதினேழு! ... இருங்க இருங்க, அந்தச் சேருல உக்காராதீங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இன்னா, இதுல உக்காருங்க. இது ஷெர்லின் சேரு. அவதான் ஒரு வாரமா வரதில்லையே.

மெட்ராஸ்ல இருந்து கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தர் வாராரு, கோளாறு புரோகிராம்லயா ஆளுகிட்டயான்னு பாத்து எழுதித் தருவாருன்னு ரெக்ஸ் முதலாளி நேத்தே சொல்லிட்டாவ. எஸ்றான்னு பேரக் கேட்டதுமே நெனச்சேன். நாசரேத்தா? ... ஆங், தலைய ஆட்டுதீங்க பாருங்க! பேரச் சொன்னா ஊரச் சொல்லிருவேன் நான். சரி, சாரு மோரெல்லாம் வேண்டாம், தம்பின்னே கூப்புடுதேன். நான் சீனித்தாய். இந்த லாரி புக்கிங் ஆபீஸ்ல இருபத்தாறு வருசமா ஹெட் கிளார்க்கு. ஹெட்டும் நான்தான், கிளார்க்கும் நான்தான். டீ சொல்லட்டா? ... வேண்டாமா? எதுத்தாப்புல ஜேசுபாதம் கடை, நல்ல டீ. அன்னைக்கு இந்த ஊருல சந்தோசமா இருந்த ஒரே மனுசன் அவன்தான். எட்டு மணிக்குள்ள முந்நூறு வடை வித்துட்டான்லா! டிரைவரு நூத்திப் பதினேழு, கிளீனரு நூத்திப் பதினேழு. இப்ப என்னையப் பாக்கும்போதெல்லாம் ‘அக்கா, மறுபடி எப்போ?’ங்கான். சிரிக்காதீங்க தம்பி. வயிறு எரியுது எனக்கு.

முந்தியெல்லாம் என்ன? போனுதான். கப்பலு வந்து நின்னா எத்தன லாரி வேணும்னு ஹார்பருல இருந்து சொல்லுவாங்க. நான் நோட்ட விரிச்சு வச்சிட்டு ஒவ்வொரு டிரைவரா கூப்புடுவேன். ஏ பால்துரை, நாளைக்கு வெள்ளன ஆறு மணிக்கு கேட்டுல நில்லு. ஏ செந்தூர்வேலு, டயர மாத்துனியா இல்லியா? ஒருத்தன் எடுக்க மாட்டான். ஒருத்தன் பொண்டாட்டி எடுத்துக்கிட்டு ‘நீ யாரு?’ன்னு என்னைய விசாரிப்பா. கடைசி ஆளு வரைக்கும் கூப்புட்டு முடிக்கையில தொண்ட காஞ்சு கருவாடாயிரும். அப்பந்தான் இந்தப் புள்ள வந்தா. ஷெர்லின். ஆலந்தலைக்காரி. அப்பா கடலுக்குப் போறவரு, இவ கம்ப்யூட்டர் படிச்சிட்டு வேலை தேடிக்கிட்டு இருந்தவ. வந்த மூணாம் மாசமே ‘இனிமே நீங்க தொண்ட காய வேண்டாம்க்கா’ன்னு ஒரு புரோகிராம் எழுதிட்டா. ஒரு வரி அடிச்சாப் போதும், டிரைவரு போனுக்கெல்லாம் மெசேஜ் போயிரும். அதுக்குப் பேரு என்ன வச்சா தெரியுமா? சங்கு! ஏளா, இந்த வயசுல எனக்குச் சங்கா ஊதுதேன்னு கேட்டேன். ‘மில்லுல சங்கு ஊதுனா ஆளு வரும்லாக்கா, அது மாதிரி’ன்னு சிரிச்சா. நல்ல புள்ளதான். அதுல ஒண்ணும் சொல்ல முடியாது. வெள்ளிக்கெழம நான் கவுச்சி தொடமாட்டேன்னு தெரிஞ்சிக்கிட்டு, அன்னைக்கு மட்டும் மீன் கொழம்ப விட்டுட்டு புளிச்சோறு கட்டிக்கொண்டாருவா. நான் கேக்கவே இல்ல, அவளா செஞ்சா... எங்க விட்டேன்? ஆங், சங்கு.

உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்லுதேன். அதுல பொத்தான் கெடையாது, படம் கெடையாது. கறுப்பா ஒரு சன்னல் தொறக்கும், அம்புட்டுத்தான். அதுல சங்குன்னு பேர அடிக்கணும். பொறவு நமக்கு என்ன வேணுமோ அத ஒரு சின்னக் கோடு போட்டுச் சொல்லணும். கோடு லாரி சமம் ஆறுன்னா ஆறு லாரி. கோடு கேட் சமம் ரெண்டுன்னா ரெண்டாம் கேட். கோடு டிரையல்னா யாருக்கும் அனுப்பாத, யாரு யாருக்குப் போவும்னு எனக்கு மட்டும் காட்டு. இந்தக் கோடு போட்ட வார்த்தைக்கு ஃபிளாக்குன்னு பேராம். ஃபிளாக்குன்னா கொடிலாளா, கப்பலு மேல மஞ்சக் கொடி பச்சக் கொடின்னு ஏத்துவாவளே அதான்னு கேட்டேன். ‘அப்படியே வச்சிக்கோங்கக்கா. நீங்க கொடிய ஏத்துங்க, சங்கு படிச்சிக்கிடும்’னா. சரி, ஏத்தலைன்னா? அதுக்குத்தான் டீஃபால்ட்டாம். நாம வாயத் தொறக்கலைன்னா அதுவா எடுத்துக்கிடுத முடிவு. கேட்டச் சொல்லலைன்னா ஒண்ணாம் கேட், அந்த மாதிரி.

அங்கனதான் எனக்கும் அவளுக்கும் மொதச் சண்ட. ‘ஒண்ணும் சொல்லலைன்னா டிரையல்னு வச்சிருக்கேன்க்கா, அதான் பத்திரம்’ங்கா. என்னளா பத்திரம்? கப்பலு வந்து நிக்கையில எனக்குக் காய்ச்சல் மண்டையிடின்னு வந்து ஒரு கோட்ட மறந்துட்டேன்னு வையி, ஒரு லாரியும் வராது, கப்பலு கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு நிக்கும். ஒண்ணும் சொல்லலைன்னா எல்லா லாரியும் வரணும். நெசமா வரணும். நான் வாயத் தொறந்தாலே நெசந்தான், வெளையாட்டுன்னாத்தான் தனியாச் சொல்லணும்னேன். ‘அது ஆபத்துக்கா’ன்னா. நான் நேரா முதலாளி ரூமுக்குப் போயிட்டேன். மறுநாளு மாத்திட்டா. பொறவு பாத்தா, அனுப்புததுக்கு முன்னால ‘நெசமாவே அனுப்பவா?’ன்னு அந்தச் சங்கு இங்கிலீசுல ஒருவாட்டி கேக்கும். தெனம் கேக்கும் தம்பி! இருபத்தாறு வருச சர்வீசு எனக்கு, நேத்துப் பொறந்த சங்கு என்னையக் கேள்வி கேக்கா? அதையும் எடுக்கச் சொன்னேன். எடுத்துட்டா. மூஞ்சி தொங்கிப் போச்சு, ஆனா எடுத்துட்டா. ... என்னது எழுதுதீங்க? இதெல்லாம் எழுத வேண்டாம் தம்பி, இது பழைய கத. நடந்தத மட்டும் எழுதுங்க.

அதுக்குப் பொறவு ரெண்டு மாசம், குத்தம் சொல்லக் கூடாது, என் சொல்லத் தட்டவே இல்ல. யூரியாக் கப்பலு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து நின்னுது. எல்லா லாரியும் வேணும். கோடு லாரி சமம் நூத்திப் பதினேழு, கோடு கேட் சமம் ஒண்ணுன்னு தெனமும் மத்தியானம் மூணு மணிக்கு அடிச்சி விடுவேன். மறுநாளு வெள்ளன அம்புட்டு லாரியும் அங்கன நிக்கும். ஷெர்லின் சொன்னத ஒரு எழுத்து மாத்தல நான். இன்னா பாருங்க, அவ எழுதி ஒட்டுன பேப்பரு. முருகன் படத்துக்குப் பின்னால இருக்கு, நான்தான் படத்த மேல ஒட்டிட்டேன். படிங்க. ‘கோடு போட்டதெல்லாம் முதலில். கோடு இல்லாத ஒரு வார்த்தையைப் பார்த்தால் சங்கு அதோடு படிப்பதை நிறுத்திவிடும். மீதிக்கு டீஃபால்ட்.’ சரியா? எனக்கு இது மனப்பாடம். கோடு இல்லாத ஒரு வார்த்தைய நான் அதுல அடிச்சது கெடையாது. எந்தச் சாமி முன்னால வேணா சொல்லுவேன்.

போன செவ்வாக்கெழம. யூரியா முடிஞ்சி போச்சு. உப்பு ஏத்த ஆறே ஆறு லாரி வேணும், ரெண்டாம் கேட்டுக்கு. புதுசா வேற எண்ணிக்கையாச்சே, எதுக்கும் ஒருவாட்டி டிரையல் பாப்போம்னு நெனச்சேன் தம்பி. எனக்குப் பொறுப்பு இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. கோடு லாரி சமம் ஆறு, கோடு கேட் சமம் ரெண்டு, கோடு டிரையல். அடிச்சேன். சடசடன்னு பேரா ஓடுச்சு. அதுல எங்க படிக்க? டிரையல் காட்டுதுன்னு நெனச்சி, டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பொறவு டிரையல் இல்லாம அடிச்சா, ‘இன்னைக்கு மெசேஜ் ஏற்கனவே போயிட்டு’ன்னு சொல்லுது. எப்படிப் போவும்? சவத்து மெஷினு, அதுவே ஆறு பேருக்கு அனுப்பிட்டு போலன்னு பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாளு காலம்பற பஸ்ஸுல வாரேன், வண்டி நகரல. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா லாரி. அதுக்கு முன்னால லாரி. அதுக்கும் முன்னால லாரி. ஒண்ணாம் கேட்டுல தொடங்குன வரிசை தெர்மல் நகரத் தாண்டி நிக்கி. ஷிஃப்டுக்குப் போறவங்க டிபன் கேரியரத் தூக்கிக்கிட்டு எறங்கி நடக்காங்க. எவன்லே இத்தன லாரியக் கூப்புட்டான்னு நானே பஸ்ஸுக்குள்ள சத்தம் போட்டு வஞ்சேன் தம்பி! கண்டக்டரும் சேந்து வஞ்சாரு. எறங்கிப் போனா பால்துரை நிக்கான். ‘எக்கா, எங்க அக்கா மவ காதுகுத்த விட்டுட்டு வந்து நிக்கேன், சரக்கு எங்கக்கா?’ன்னு கேக்கான். அப்பந்தான் இது நம்ம சங்கு கூப்புட்ட லாரின்னு எனக்குத் தெரிஞ்சிது. ஹார்பர்காரங்க முதலாளியக் கூப்புட்டு நிக்கவச்சிக் கேட்டிருக்காங்க. முதலாளிக்கு மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. அப்பா காலத்துல இருந்து சம்பாதிச்ச பேரு ஒரு காலையில போச்சேன்னாவ. என்ன நடந்துச்சுன்னு கேட்டாவ. நான் என்ன செய்ய? நடந்ததச் சொன்னேன். நான் ஆறுன்னு அடிச்சேன், டிரையல்னு அடிச்சேன், அது கேக்கல.

இந்தப் புள்ள என்ன செஞ்சா தெரியுமா? எல்லாரு முன்னாலயும் ‘அக்கா, நீங்க அன்னைக்கு அடிச்சத அப்படியே ஒருவாட்டி அடிச்சுக் காட்டுங்க’ங்கா. ஒருவாட்டி இல்ல, மூணுவாட்டி. ‘நான் அடிச்சா சரியாத்தான்க்கா வருது, நீங்க அடிச்சுக் காட்டுங்க’ன்னு. அப்ப என்ன அர்த்தம்? நான் பொய் சொல்லுதேன்னு அர்த்தம்! வந்துச்சே எனக்குக் கோவம். எங்கிட்ட பரீட்சை வைக்கியாளா நீன்னு கேட்டேன். அழுதுட்டா. அழுதா சரியாப் போச்சா? அன்னைக்கே ஒரு பேப்பர எடுத்து, உச்சியில போடவேண்டியதப் போட்டு, தேதி போட்டு, முதலாளிக்கு எழுதிக் குடுத்துட்டேன். இந்தப் பெண் எழுதிய புரோகிராம் சொன்னதைக் கேட்பதில்லை, இப்பெண் இருந்தால் நான் வேலை பார்க்க இயலாதுன்னு. எழுதுனது எழுதுனதுதான். இன்னைக்கு நாலு மணிக்கு அவள வரச் சொல்லியிருக்காவ. நீங்க புரோகிராம்ல கோளாறுன்னு எழுதிக் குடுத்தா அவ வேலை போயிரும், இல்லைன்னா... இல்லைன்னு எப்படி எழுதுவீங்க? எப்படிப் பாத்தாலும் சங்குதான கூப்புட்டுச்சு? நானா போயி நூத்திப் பதினேழு வீட்டுக் கதவத் தட்டுனேன்?

அன்னா பாருங்க, அலமாரி மேல. அவ டிபன் பாக்ஸு. அழுதுகிட்டே போனதுல விட்டுட்டுப் போயிட்டா. கெட்டு நாறிரும்லா, அதனால கழுவி வச்சேன். வேற ஒண்ணும் இல்ல. அஞ்சு மாசமா மத்தியானம் எதுத்தாப்புல உக்காந்து பேசிக்கிட்டே சாப்பிட்டுப் பழகிப் போச்சு. இப்ப தனியா உக்காந்து தின்னா சோறு எறங்கமாட்டேங்கு. அது கெடக்கட்டும்.

என்ன? ... நானா? அடிச்சுக் காட்டணுமா? நீங்களும் அவ மாதிரியே ஆரம்பிச்சிட்டீங்களே! ... சரி. நீங்க மூணாம் மனுசன், நாசரேத்துக்காரரு, உங்களுக்காகச் செய்யுதேன். நெட்டு வயர உருவிட்டீங்களா? நல்லா உருவுனீங்களா? மறுபடி போயிட்டுன்னா ஜேசுபாதத்தத் தவிர ஒருத்தனும் சிரிக்க மாட்டான். ... தள்ளுங்க செத்த. பாத்துக்கிட்டே இருங்க. சங்கு. ஆச்சா? இருங்க, தமிழுக்கு மாத்துதேன்... ஆங். மறுபடி இங்கிலீசுக்கு. இப்ப கோடு லாரி சமம் ஆறு. கோடு கேட் சமம் ரெண்டு. கோடு டிரையல். ஒரு எழுத்து கூடக்கொறைய இருக்கா? தட்டட்டா? தட்டுதேன்.

பாத்தீங்களா! பாத்தீங்களா தம்பி! நூத்திப் பதினேழு லாரி, ஒண்ணாம் கேட், நெசம், நெட் இல்லாததால அனுப்ப முடியல! நான் சொன்னேம்லா! என் வாயி பொய் பேசாது. எழுதுங்க, இத எழுதுங்க நீங்க... ஏன் எழுதாம முழிக்கீங்க?

எது? அந்தக் கட்டமா? அது ஒண்ணும் இல்ல தம்பி, அது உ. இந்தக் கறுப்புச் சன்னல்ல தமிழு சரியாத் தெரியாது, கட்டமாத்தான் காட்டும். உ தம்பி. பிள்ளையார் சுழி. நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்குப் பழக்கம் இருக்காது. எங்க வீட்டுல மளிகைச் சிட்டையா இருந்தாலும் அது போடாம பேனா ஓடாது. மொத நாளு சங்குக்கும் முன்னால போட்டேன். அப்படி ஒரு கமாண்டே கெடையாதுன்னு வஞ்சிது. சரி, பிள்ளையாரு கோவிச்சுக்க மாட்டாருன்னு சங்குக்கு அடுத்தாப்புல போட்டேன். வாயத் தொறக்கல. ஏத்துக்கிட்டுன்னு நெனச்சேன்...

வார்த்தையா? உ எப்படித் தம்பி வார்த்தை ஆவும்? அது பிள்ளையாருலா! நான் என்ன அடிச்சேன்னு எல்லாரும் கேட்டீங்க, சொன்னேன். லெட்டரப் படின்னு சொன்னா உச்சியில உள்ள உ-வையுமா சேத்துப் படிப்பாங்க? நான் ஒண்ணும் மறைக்கல... என்ன செய்யணும்? அழிக்கணுமா? நானா? ஐயோ, நான் மாட்டேன். நீங்க அழிங்க. உங்களுக்கு ஒண்ணும் தோசம் இல்ல. ... அழிச்சாச்சா? இப்பத் தட்டணுமா? சரி.

...

ஆறு லாரி. ரெண்டாம் கேட். டிரையல்.

ஒருவாட்டி இன்னும் தட்டுங்க தம்பி. ... ஆறுதான். ஆறுதான் வருது.

அப்படின்னா... யூரியாக் கப்பலு நாளெல்லாம்? அன்னைக்கும் உ போட்டேனே. தெனமும் போட்டேனே. அப்ப ரெண்டு மாசமா நான் சொன்னத அது ஒரு நாளு கூட கேக்கலியா? நான் பாட்டுக்கு நூத்திப் பதினேழுன்னு அடிக்கேன், அது உ-வப் பாத்ததும் படிக்கிறத நிப்பாட்டிட்டு, அதுவா எல்லா லாரியையும் கூப்புட்டிருக்கு. நான் என்னமோ எனக்குக் கட்டுப்பட்டுல்லா வருதுன்னு... எல்லா லாரியும்னு வைக்கச் சொன்னதும் நான்தான். நெசம்னு வைக்கச் சொன்னதும் நான்தான். அனுப்பவான்னு கேட்டத எடுக்கச் சொன்னதும்... அவ பேப்பருல எழுதி ஒட்டுனா. அதுக்கு மேல நான் முருகன ஒட்டுனேன்.

எங்க எந்திரிக்கீங்க? முதலாளி ரூமுக்கா? மணி என்ன, மூணேகாலா? நில்லுங்க தம்பி, ஒரே நிமிசம். இல்ல, மறைக்கச் சொல்லல. நீங்க சொல்லுததச் சொல்லுங்க. நான் அன்னைக்குக் கையால எழுதிக் குடுத்தேன்லா, இதையும் கையால எழுதித் தாரேன். இன்னா, பேப்பரு... ஏன் பாக்கீங்க? பேப்பருல உ போடலாம்லா? பேப்பரு அதோட நிப்பாட்டிராதுல்லா? ... மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு. தவறு ஷெர்லின் மேல் இல்லை. தவறு என் மேல். முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போடவும். சீனித்தாய். போதும். எழுத்து கோணலாப் போச்சு, பரவாயில்ல. என்னைய அனுப்பணும்னா அனுப்பட்டும். இதக் கொண்டுபோயி அவிய கையிலயே குடுங்க. குடுத்துட்டு, இது டிரையல் இல்ல, நெசம்னு சொல்லுங்க.

போயிட்டாரு. ஒரே ஒரு கட்டத்தத் தொட்டுக் காட்டிட்டுப் போயிட்டாரு...

ஹலோ. ஏளா ஷெர்லின்? நான்தான் அக்கா. வச்சிராத, வச்சிராதளா. எங்க வந்துக்கிட்டு இருக்க, பஸ்ஸுலயா? திரும்பிப் போயிராத, நேரா ஆபீஸுக்கு வா. வந்து உன் சேருல உக்காரு. இன்னா, கேளு. அடிச்சுக் காட்டுங்கக்கா, அடிச்சுக் காட்டுங்கக்கான்னு மூணுவாட்டி கேட்டேல்லா?

அடிச்சுக் காட்டிட்டேம்ளா.